சர்வர் டவுன் அண்ணாச்சி

மழை பொய்ப்பதற்குக் காரணம் சொல்லத் தயங்காதவர்கள் மானாவாரிப் பூமியான அருப்புக்கோட்டை வட்டாரத்தில் எக்காலத்திலும் உண்டு. இணையப் பக்கம் திறவாமற் போவதற்குக் காரணம் சொல்லும் அதிகாரம், பேருந்து நிலையத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் கணினியின் முன் வீற்றிருக்கும் நம் அண்ணாச்சிக்கே உரியது.

பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா எடுக்க நரிக்குடிப் பக்கத்திலிருந்து வந்த சம்சாரிகள், திரையில் சுழலும் வட்டத்தைக் கண்கொட்டாமல் பார்த்து நிற்க, அவர் எஃப்-5 விசையைத் தட்டுவார். பலிக்காவிடில் மோடத்தின் வயரைப் பிடுங்கி, வாயால் ஊதி, பயபக்தியுடன் மீண்டும் செருகுவார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, "சர்வர் டவுன்" என்று தீர்ப்பளிப்பார்.

404 என்று வந்தால் சர்வர் நலமாயிருந்து பதிலும் சொல்லிவிட்டது, கேட்ட பக்கந்தான் அங்கில்லை, 503 என்றால் கூட்டம் தாங்காமலோ பராமரிப்பின் பொருட்டோ அது தற்காலிகமாகக் கைவிரிக்கிறது, டி.என்.எஸ். பிழையென்றால் முகவரியே அகப்படவில்லை. இந்தப் பேதங்களெல்லாம் அவருக்கு மாயை. 1879-ல் ரமண மகரிஷி அவதரித்த திருச்சுழிக்கு அண்மையில் வாழ்பவர் அத்வைதியாயிருப்பதில் ஆச்சரியமென்ன?

ஒரு புரட்டாசியில் அவர் கணினியில் அரசாங்கத் தளம் முதல் வங்கித் தளம் வரை யாதொன்றும் திறக்கவில்லை; எதிர்க்கடையிலோ எல்லாம் திறந்தன. அத்வைதி அக்கணமே துவைதியானார்: "அவன் சர்வர் வேற, நம்ம சர்வர் வேற!"

விதைப்புக்கு நாள் பார்த்தே பழகிய பெரியவர் ஒருவர் திரையின் மூலையை உற்று நோக்கி, "ஏய்யா, இதுல 2009-னு போட்டிருக்கே, அது எதுக்கு?" என்றார்.

விஷயம் அதுதான். கணினிக்குள் காலக்கணக்கைக் காத்துவரும் காசளவு பேட்டரி, சி.ஆர். 2032 என்னும் மூன்று வோல்ட் ஜீவன், தன் ஆயுளை முடித்துக்கொண்டதால், கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிடும். தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்களோ அண்மைத் தேதியிட்டவை. இன்னும் பிறவாத சான்றிதழை எப்படி நம்புவதென்று பிரவுசர் மறுத்தது நியாயமே.

பேட்டரி மாற்றியானதும் அண்ணாச்சி அறிவித்தார்: "சர்வரைத் தூக்கி நிறுத்தியாச்சு!"

அன்பர்களே, பக்கம் திறக்காதபோது அதே முகவரியை அருகிலிருப்பவர் கைபேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் டவுனானது சர்வர் அன்று.