இரண்டாம் அட்டவணைக்கு ஒரு வாடகைதாரரின் விண்ணப்பம்

பெறுநர்:
மாட்சிமை தங்கிய இரண்டாம் அட்டவணை அவர்கள்,
தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017),
பின்பக்கம்.

பொருள்: ஹால் ஃபேனில் உள்ள நான்கு பல்பு ஹோல்டர்கள் யார் பொறுப்பு என்று விளக்கம் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

2019 பிப்ரவரி 22 முதல் தாங்கள் நடைமுறையில் இருக்கிறீர்கள். வாடகை வீட்டில் எது கெட்டால் யார் பார்ப்பது என்று பாகப்பிரிவினைப் பத்திரம்போல இரண்டு பகுதியாக எழுதி வைத்திருக்கிறீர்கள். கட்டடத்தின் பெரிய பழுதுகள், வெள்ளையடிப்பு, தேவைப்பட்டால் குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனருக்கு. குழாய் வாஷர், கழிவுநீர் அடைப்பு, கீசர், சர்க்யூட் பிரேக்கர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் எங்களுக்கு. சுருக்கமாகச் சொன்னால், தினம் கைபட்டுக் கெடுவது எங்களுடையது. சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பது அவருடையது. பாத் டப் பழுதையும் எங்கள் பங்கில் சேர்த்திருக்கிறீர்கள். குளியலறையில் ஒரு பக்கெட்டும் நானும் சேர்ந்து நின்றால் கதவைச் சாத்த முடியாது. பாத் டப் ஒன்றை முதலில் அனுப்பிவையுங்கள், பழுதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் வழக்கு உங்களுடைய இரண்டு பகுதிகளுக்கும் நடுவே, தரையிலிருந்து ஒன்பதடி உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓனர் தன் மகன் கல்யாணத்துக்கு ஆசையாக வாங்கி மாட்டிய ஃபேன்சி ஃபேன் அது. பித்தளைக் கலர், அடியில் கண்ணாடிக் குடுவை மாட்டிய நான்கு லைட்டுகள். முதல் லைட் எரியாது. இரண்டாவது, ஃபேனை நாலில் வைத்தால் மட்டும் எரியும். மூன்றாவது விட்டுவிட்டு எரியும். நான்காவதுதான் விசேஷம். சுவிட்சை அணைத்த பிறகும் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும்.

எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். ஃபேன் ஆடுகிற ஆட்டத்தில் ஹோல்டர் ஸ்குரூ எல்லாம் தளர்ந்திருக்கிறது. முன்பு யாரோ குண்டு பல்பு போட்டு எரித்ததில், மூடிய கண்ணாடிக்குள் சூடு தாங்காமல் பிளாஸ்டிக் பொரிந்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்கு பல்பைப் பிடித்து நிற்கிற தெம்பு இல்லை. ஆக, மூன்றும் ஹோல்டர் கோளாறு. உங்கள் கணக்குப்படி என் செலவு. சரி.

நான்காவதுக்கு டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஹோல்டர் இல்ல சார், லைன்லயே மிஸ்டேக்" என்றார். வீடு கட்டும்போது சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டுவிட்டார்களாம். அதனால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் உயிரோடுதான் இருக்கும். பல்பு மாற்ற ஏறுகிறவர் உயிரோடு இறங்குவாரா என்பது வேறு விஷயம். மெயினை அணைத்துவிட்டு ஏறலாம்தான். ஆனால் மெயின் போர்டு, ஓனர் வீட்டு கிரில் கதவுக்கு உள்ளே இருக்கிறது.

ஒயரிங் ஓனர் பொறுப்பு என்று தாங்கள் எழுதியிருப்பதைக் காட்டலாமே என்கிறீர்களா? காட்டினேன். எங்கள் பகுதியில் தாங்களே போட்டிருக்கும் இன்னொரு வரியை அவர் காட்டினார்: மின்சாதனங்களைப் பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் வாடகைதாரர் வேலை, பெரிய ஒயரிங் மாற்றங்கள் நீங்கலாக. சுவிட்ச் பெட்டியைத் திறந்து இரண்டு ஒயரை இடம் மாற்றுவது பெரிய மாற்றமா, சின்னதா? சுவிட்ச் என்னுடையது, பின்னால் வருகிற ஒயர் அவருடையது, இரண்டையும் பிடித்திருக்கிற ஸ்குரூ யாருடையது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்ற மூன்று லைட்டும் ராத்திரியில் மினுங்காமல் இருப்பதற்குக் காரணம், அவை கெட்டுப்போயிருப்பதுதான். நான் கைக்காசு போட்டு மூன்றையும் சரிசெய்தால், அன்றிலிருந்து நான்கும் விடிய விடிய எரியும்.

"இதுக்கு முன்னாடி இருந்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார் ஓனர். பிறகு, "உங்க வீடு மாதிரி நெனச்சுப் பாத்துக்கோங்க" என்றார். காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கட்டுமா என்று கேட்டபோது அது அவர் வீடாக இருந்தது. ஃபேனைக் கழற்றிப் பரண்மேல் வைத்துவிட்டு என் சொந்த ஃபேனை மாட்டிக்கொள்கிறேன் என்றால் அதற்கும் வழியில்லை. அக்ரிமென்ட்டில் 'ஹால் ஃபேன் (லைட்டுடன்) – 1' என்று இருக்கிறது. காலி செய்யும்போது லைட்டுடன் ஒப்படைக்க வேண்டும். எரிகிற லைட்டுடன் என்று அவரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளையடிப்பு ஓனர் பொறுப்பு என்று முதல் பகுதியில் தெளிவாகவே போட்டிருக்கிறீர்கள். சென்னையில் வீடு காலி செய்கிறவரிடம் பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் மீதி அட்வான்ஸைத் தருகிறார்கள். உங்கள் சட்டமே அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் என்றும் சேர்த்துக்கொள்கிறது. வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தை இந்த ஊரில் நான் சந்தித்ததில்லை. தாங்கள் சந்தித்திருந்தால் முகவரி கொடுங்கள், அங்கே குடிபோய்விடுகிறேன்.

எனவே, பெரிய ஒயரிங் மாற்றம் என்றால் எத்தனை அடி, எத்தனை ரூபாய் என்று ஓர் அளவு போட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை ஹோல்டரைத் தொட வேண்டாம் என்று ஓனருக்கும் எனக்கும் சேர்த்து ஒரு தடையுத்தரவு பிறப்பித்தாலும் நல்லது. நாங்கள் இருவரும் அதை ஏற்கெனவே கடைப்பிடித்து வருகிறோம்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி வாடகைதாரர்.

பின்குறிப்பு: எலக்ட்ரீஷியன் ஏறிப் பார்த்ததற்கான பில்லை இணைத்திருக்கிறேன். பில்லை யார் பெயரில் போடுவது என்று கேட்டார். இப்போதைக்கு அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன்.