தூங்கும் புலி

சென்னையில் மிருகக்காட்சிசாலை என்றால், எங்கள் வயதுக்காரர்களுக்கு வண்டலூருக்கு முன்னால் சென்ட்ரல்தான் நினைவுக்கு வரும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டி, பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது அது. 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கியது. சில ஆண்டுகளில் பார்க்குக்கு இடம் மாறி, 1985 வரை ஊரின் நடுவிலேயே இருந்தது. எங்கள் ஆயா அதை உயிர்க் காலேஜ் என்பார். அருங்காட்சியகம் அவருக்குச் செத்த காலேஜ்.

எழுபதுகளின் கடைசியில் ஆயாதான் எங்களை அங்கே அழைத்துப் போவார். ஒரு கையில் தூக்குச்சட்டி நிறையப் புளிச்சோறு, மறு கையில் தம்பி. உள்ளே நுழைந்ததுமே வாடை முகத்தில் அடிக்கும். சிமெண்டுத் தரையில் சிங்கம் கூண்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்துகொண்டே இருக்கும். அது மூச்சு விடுவதுகூடக் கேட்கும். படுத்துவிட்டால் கை தட்டுவார்கள், விசிலடிப்பார்கள், சமயத்தில் கல்லும் போய் விழும். எழுந்து உறுமினால் கூட்டத்துக்கு ஒரே கொண்டாட்டம். குரங்குக் கூண்டுக்கு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்காமல் போகும் குடும்பமே கிடையாது. இடம் சின்னது, ஆயா தன் காலாலேயே முழுசும் சுற்றிவிட்டு, மர நிழலில் உட்கார்ந்து எங்களுக்குச் சோறு பிசைந்து உருட்டிக் கொடுப்பார்.

எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்தோம் என்ற நிறைவோடு வீடு திரும்புவோம். ஒளிந்துகொள்ள ஒரு முழ இடமும் இல்லாத விலங்கை வேறு எப்படிப் பார்க்க முடியும்? சிங்கத்தின் அந்த ஓயாத நடை, அடைபட்ட உயிரின் தவிப்பு என்று இன்று விலங்கு மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் அதைக் கம்பீரம் என்று நினைத்திருந்தோம்.

போன அரையாண்டு விடுமுறையில் மகளோடும் பேரன் பேத்தியோடும் வண்டலூருக்குப் போனேன். இப்போது தாத்தா நான். ஏறக்குறைய 600 ஹெக்டேர் காடு; என் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது என்று மகள் பேட்டரி காருக்குச் சீட்டு வாங்கினாள். இங்கே புலிக்கும் நமக்கும் நடுவில் அகழி. அகழிக்கு அந்தப் பக்கம் மண், புதர், மர நிழல், தண்ணீர்த் தொட்டி. புலியைத்தான் காணோம்.

“தாத்தா, புலி எங்க?”

“அந்தப் புதருக்குப் பின்னால பாரு. வால் மட்டும் தெரியுது.”

“எழுப்பச் சொல்லுங்க.”

“தூங்கட்டும்டா. ராத்திரியில நடமாடுற மிருகம் அது.”

பக்கத்தில் ஓர் இளைஞர் கை தட்டினார். உடனே காவலர் வந்து தடுத்தார். விலங்கைச் சீண்டுவதும், தீனி போடுவதும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 1991இல் அதற்கென்றே ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அந்தக் காவலருக்கு நான் நன்றி சொன்னேன். ஒரு புலி பட்டப்பகலில் இத்தனை பேருக்கு நடுவே நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்பதைவிடப் பெரிய முன்னேற்றத்தை அங்கே நான் பார்க்கவில்லை.

ஆனால் பேரனுக்கு ஏமாற்றம். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கைபேசியில் அவன் பார்க்கும் புலி எப்போதும் பாய்ந்துகொண்டே இருக்கிறது. காத்திருக்க அவனுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. கார் ஓட்டுநரோ சில நிமிடங்களில் அடுத்த இடத்துக்குக் கிளப்பிவிடுகிறார். ஒளிந்துகொள்ள விலங்குக்கு உரிமை கொடுத்தோம், மிக நல்லது. அது வெளியே வரும்வரை உட்கார்ந்திருக்கக் குழந்தைகளுக்கும் கிழவர்களுக்கும் நேரம் கொடுக்க வேண்டாமா?

ஓட்டேரி ஏரிப் பக்கம் கதை மாறியது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஏரியில் தண்ணீர் இருந்தால், கூண்டும் அகழியும் இல்லாமலே பறவைகள் தாமாக வந்து சேரும். 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்த வளாகத்தில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரியும் வறண்டிருக்கிறது. அத்தனைக்குப் பிறகும் அன்று கரையோர மரங்களில் நாரைகளும் வக்காக்களும் அடைந்திருந்தன. ஒரு நீர்க்காகம் முங்கி மீனோடு எழுந்தது. பேத்தி என் மடியிலிருந்து எழவே இல்லை. மீன் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துவிட்டு, “இதுக்கு யாரு சாப்பாடு போடுறாங்க?” என்று கேட்டாள். யாரும் போடுவதில்லை என்றதும் பேரனும் வந்து ஒட்டிக்கொண்டான்.

அடுத்த முறை பேட்டரி கார் வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். முழுசும் சுற்ற வேண்டியதில்லை. காலையில் புலி, பிறகு ஏரி, அவ்வளவுதான். செவ்வாய் விடுமுறை, ஞாயிறு கூட்டம். புதன்கிழமை போவதாக முடிவாகியிருக்கிறது. புளிச்சோறு என் பொறுப்பு.