மூட்டைக்கு ஏழு கிலோ

எங்கள் கம்பெனி டைம் ஆபீஸில் பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று கயிற்றில் தொங்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு பார்க்கும் கான்ட்ராக்ட் பையன்களுக்குப் புதுவாயல் கூட்டுச்சாலைப் பக்கம் ரூம் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். தண்ணீர் வரவில்லை, ஃபேன் ஓடவில்லை என்பதையெல்லாம் அவர்கள் அந்த நோட்டில் எழுத வேண்டும். அதைப் படித்து நடவடிக்கை எடுப்பது என் வேலை. பெரும்பாலும் படிப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

2024 பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். ஒடிசாப் பையன் ஒருவன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டி, "சார், கட்மல்" என்றான். மூட்டைப்பூச்சிக்கு இந்தியில் அதுதான் பெயர். கட்டிலில் இருப்பதால் கட்மல் போலிருக்கிறது என்று நானே பெயர்க் காரணம் கண்டுபிடித்து ரசித்தேன். பிறகு, "ஊர்லேருந்து பெட்டியில நீங்கதான் கொண்டாந்திருப்பீங்க. மெத்தையெல்லாம் எடுத்து வெயில்ல போடுங்க" என்று அனுப்பிவிட்டேன். நோட்டில் 'பார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நான்கே மாதத்தில் அந்தக் கையெழுத்து என் முதுகில் வட்டியோடு வந்து சேரும் என்று தெரிந்திருந்தால் இனிஷியலோடு நிறுத்தியிருப்பேன்.

மலேசியா யோசனை ஸ்டோர்ஸினுடையது. எங்கள் கம்பெனியில் ஆளுக்குப் பெயர் கிடையாது, டிபார்ட்மென்ட்தான் பெயர். ஸ்டோர்ஸ், க்யூ.சி., டைம் ஆபீஸ் ஆகிய நான், கம்பெனி பஸ் ஓட்டும் மாமா என்று நாலு பேர். மாமா யாருக்கு மாமா என்று யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் மாமா.

"2023 டிசம்பர் ஒண்ணாம் தேதியிலேருந்து நமக்கு விசாவே வேணாம் மச்சான். முப்பது நாள் இருக்கலாம்" என்றான் ஸ்டோர்ஸ். எங்களுக்குக் கிடைத்த லீவு நாலு நாள். மீதி இருபத்தாறு நாளை மலேசிய அரசுக்கே விட்டுக்கொடுத்தோம்.

இருப்பதிலேயே மலிவான டிக்கெட். அதற்குக் கையில் கொண்டுபோகும் மூட்டை ஏழு கிலோதான். அதற்கு மேல் ஒரு கிராம் கூடினாலும் காசு. க்யூ.சி. டிஜிட்டல் தராசு கொண்டுவந்து நாலு பையையும் நிறுத்தான். மாமாவின் பையில் அவர் மனைவி வைத்திருந்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் அவன் கையாலேயே ரிஜெக்ட் ஆனது. கவரைப்பேட்டையில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, சென்ட்ரலில் மெட்ரோ மாறி, நள்ளிரவு ஃபிளைட்டில் ஏறினோம். நாலு மணி நேரப் பயணம். இறங்கினால் கடிகாரம் இன்னும் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடியிருந்தது. அந்தத் தூக்கத்தை ராத்திரி ஹாஸ்டலில் பிடித்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோம்.

ஹாஸ்டல் கோலாலம்பூரில், பெட்டாலிங் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில். படுக்கை ஒன்றுக்கு ஒரு ராத்திரிக்கு 35 ரிங்கிட், நம்ம காசுக்கு அறுநூற்றுச் சொச்சம். ரேட்டிங்கெல்லாம் அலசிப் பார்த்து ஓகே செய்தவன் க்யூ.சி. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தவறினாலும் பீஸைத் தூக்கி எறிகிறவன். ஒரே அறையில் பன்னிரண்டு பேர். ரயில் பெர்த் மாதிரி மேலே ஒன்று, கீழே ஒன்று. ஏசி, வெள்ளை விரிப்பு, தலைமாட்டில் குட்டி விளக்கு. "புதுவாயல்ல நம்ம பசங்க ரூமும் இப்படித்தான இருக்கு, என்ன, ஏசி இல்ல" என்றார் மாமா. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். முதுகில் சுருக்கென்றது. கொசுவென்று நினைத்துத் தட்டினேன். இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் கடித்தது. எதிர் பெர்த்தில் ஸ்டோர்ஸ் கீரிப்பிள்ளை மாதிரி புரண்டுகொண்டிருந்தான். மேல் பெர்த்திலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"யார்றா அது, நடுராத்திரியில கொத்தமல்லி கிள்றது?"

க்யூ.சி. செல்போன் டார்ச்சை அடித்தான். மெத்தையின் ஓரத் தையலை நிமிண்டி விலக்கினான். மடிப்புக்குள் மிளகைத் தட்டையாக்கினாற்போல் பழுப்பு நிறத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வெளிச்சம் பட்டதும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடின. ஒன்றை நசுக்கினான். பச்சைக் கொத்தமல்லி வாசனை. அது மல்லியல்ல, இந்த ஜந்துவின் சொந்த அத்தர்.

"அஞ்சு மில்லி. ஃபுல் சைஸ்" என்றான் க்யூ.சி.

"பதினேழு" என்றான் ஸ்டோர்ஸ். அவன் நசுக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தான். "மச்சான், இது ஓப்பனிங் ஸ்டாக்தான்."

என் முதுகை மாமா பரிசோதித்தார். ஒரே நேர்க்கோட்டில் மூன்று தடிப்பாம். சாம்பார், ரசம், மோர் என்று வரிசை தவறாமல் சாப்பிட்டிருக்கிறது.

இரண்டு பூச்சிகளைத் தண்ணீர் பாட்டில் மூடியில் பிடித்து வரவேற்பு மேஜைக்குக் கொண்டுபோனோம். அங்கே தூங்கி வழிந்துகொண்டிருந்த இளைஞன் மூடியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், எங்கள் பைகளைப் பார்த்தான். பிறகு மிக மரியாதையாக, "இது உங்கள் பெட்டியிலிருந்து வந்திருக்கலாம் சார்" என்றான். ஆங்கிலத்தில்தான் சொன்னான். ஆனால் என் குரலில் சொன்ன மாதிரி இருந்தது. மேஜை மேலிருந்த ஒரு நோட்டை இழுத்து எதையோ எழுதினான். என்ன எழுதியிருப்பான் என்று எனக்குப் படிக்காமலே தெரியும்.

எதிர்முனையில் விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் கடை ஒன்று. 'மாமா கடையா?' என்று எங்கள் மாமா உரிமையோடு நுழைந்தார். அங்கே தமிழ் முஸ்லிம் கடைகளுக்கு அதுதான் பெயர். டீ ஆற்றியவர் ராமநாதபுரத்துக்காரர். ஒரு முழ உயரத்துக்கு டீயை இழுத்து ஆற்றியபடியே நாங்கள் சொறிவதைப் பார்த்து, "பூச்சியாண்ணே?" என்றார். பார்த்ததும் எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். "நான் இருக்கிறது பத்துப் பேர் ரூம்ணே" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே நாலு ரொட்டி சனாய் கொண்டுவந்து வைத்தார். விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வெளிநாட்டில் நாங்கள் கழித்த உருப்படியான ராத்திரி அது ஒன்றுதான்.

அந்த ராத்திரியில் செல்போனில் தேடித் தேடி க்யூ.சி. ஒரு முழு ரிப்போர்ட் தயார் செய்தான். வெப்ப நாடுகளில் இருப்பது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ் என்ற இனம். சென்னையில் கடிப்பதும் அதுதான், கோலாலம்பூரில் கடிப்பதும் அதுதான். "சொந்தக்காரன்னு சொல்லு" என்றார் மாமா. முட்டையிலிருந்து வந்தபிறகு ஐந்து தடவை தோலுரிக்கும், ஒவ்வொரு தோலுக்கும் ஒரு வேளை ரத்தம் வேண்டும். சோறில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். நோய் எதையும் பரப்புவதாக நிரூபணமில்லை, மானத்தை மட்டும் வாங்கும். ஏழை பணக்காரன் பார்க்காது. 2023இல் பாரிஸ் நகரமே ஒலிம்பிக்குக்கு முந்தைய வருஷம் இதற்காக அலறியிருக்கிறது. ஐம்பது டிகிரிக்கு மேல் சூடு கொடுத்தால் சாகும். கடைசி வரியை மட்டும் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் பத்துமலை. 2006இல் திறந்த முருகன் சிலை, 42.7 மீட்டர், தங்க நிறத்தில் தகதகவென்று. பின்னால் 272 படிகள், 2018இல் பூசிய வண்ண வண்ணப் பூச்சோடு. ஊரில் எங்கள் முருகன் சிறுவாபுரி, புதுவாயலுக்குப் பக்கம்தான். ஆறு செவ்வாய்க்கிழமை போய் வேண்டினால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. மாமா ஆறும் முடித்தவர். சிறுவாபுரியில் வீடு கேட்ட மனுஷன் பத்துமலையில் கைகூப்பி, "முருகா, ஒரு நல்ல படுக்கை" என்று கேட்டார்.

பரமசிவன் பனிமலையிலும் பெருமாள் பாற்கடலிலும் படுப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்துதான் என்று வடமொழியில் ஒரு பழைய வேடிக்கைச் செய்யுள் உண்டு. அதைச் சொன்னேன். மாமா சிலையை அண்ணாந்து பார்த்தார். "அதான் இவரு நின்னுக்கிட்டே இருக்காரு."

ஐந்து படிக்கு ஒருமுறை நின்று சொறிந்தபடி ஏறினோம். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று எங்களை உற்றுப் பார்த்தது. பிறகு அதுவும் விலாவைச் சொறிந்துகொண்டது. மற்றவர்கள் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கிய குரங்கு எங்களை ஒன்றும் செய்யவில்லை. இனம் இனத்தைத் தொந்தரவு செய்யாது.

மீதி ராத்திரிகளுக்கு வேறு இடம் தேடி எடுத்த அறைக்கு ஆன செலவில், முதலிலேயே மரியாதையான ஹோட்டலில் தங்கியிருக்கலாம். திரும்பும்போதும் மூட்டைக்கு ஏழு கிலோ கணக்கு. மூட்டைப்பூச்சிக்கு மட்டும் எடையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

வாட்ஸப்பில் விஷயம் எங்களுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருந்தது. கேட்டுக்கு வெளியே என் மனைவி வாளியும் பழைய லுங்கியுமாக நின்றாள். "அப்படியே நில்லுங்க. பை உள்ள வரக்கூடாது. நீங்க வர்றதப் பத்தி அப்புறம் பேசுவோம்." பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து, "சாக்லேட் எதாச்சும் வாங்கியாந்தியாப்பா? இருக்கட்டும், வேணாம்" என்றார்.

பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றபோது எனக்கு ஞாபகம் வந்த ஒரே நிபுணன் அந்த ஒடிசாப் பையன். ரூமுக்குப் போனேன். நைட் ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். கட்டில் கால் ஒவ்வொன்றும் தண்ணீர் ஊற்றிய டப்பாவுக்குள் நின்றது. நான் வெயிலில் போடச் சொன்ன மெத்தைகளை அவர்கள் எப்போதோ எரித்துவிட்டு, பலகை மேல் பாய் விரித்திருந்தார்கள். பையன் என் பையைக் கறுப்புப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி மொட்டை மாடியில் வைத்தான். மே மாதக் கத்திரி வெயில். "மூணு நாள் சார். தினம் திருப்பிப் போடணும்."

அங்கேயே பச்சை நோட்டை வரவழைத்து, மருந்தடிக்கவும் புது மெத்தைக்கும் எழுதி, இந்த முறை முழுக் கையெழுத்துப் போட்டேன். பையன் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"மலேசியாவில ஒரு ரூம்ல எத்தினி பேரு சார்?"

"பன்னெண்டு."

"வாடகை?"

"ராத்திரிக்கு அறுநூறு. ஒரு ஆளுக்கு."

அவன் தன் மொழியில் மற்றவர்களுக்குச் சொன்னான். ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பூச்சி இருக்குன்னு சொன்னீங்களா சார்? என்ன சொன்னாங்க?"

"நாங்கதான் ஊர்லேருந்து கொண்டாந்தோமாம்."

பையன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அங்கேயும் டைம் ஆபீஸ் இருக்கா சார்?"