குச்சி அண்ணன்

கோயமுத்தூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் யாரென்று அறிய அவருடைய காரைத் தேடிப் பயனில்லை. அது ஷெட்டுக்குள் போர்வை போர்த்திப் படுத்திருக்கும். ஆளைத்தான் கவனிக்க வேண்டும். அறுபதைத் தாண்டிய வயது, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காபி டம்ளரைப் பிடிக்கும்போது ஆள்காட்டி விரலை மட்டும் தள்ளியே வைத்திருப்பார். அந்த விரலில் ஆயில் இருக்கிறது. நேற்றும் இருந்தது.

பம்ப் கம்பெனியோ பவுண்டரியோ நடத்தியவராக இருப்பார். இப்போது தொழிலை மகன் பார்க்கிறான்; இவர் குச்சியை உருவி ஆயில் மட்டம் பார்க்கிறார். முதுகுக்குப் பின்னால் இவருக்குக் குச்சி அண்ணன் என்று பெயர். முகத்துக்கு நேரே எல்லோரும் "வாங்கண்ணா"தான்.

கார் எப்படி வந்தது என்று கேட்டால், குன்னூரில் எஸ்டேட் வைத்திருந்த துரை சீமைக்குத் திரும்பும்போது அப்பாருவிடம் கொடுத்துவிட்டுப் போனது என்பார். எல்லாக் குச்சி அண்ணன்களும் இதையேதான் சொல்கிறார்கள். இவர்கள் சொல்வதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், அந்தக் காலத்து நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தைக் கவனிக்க ஒரு துரைக்கும் நேரம் இருந்திருக்காது.

நமது அண்ணனுடையது எம்.ஜி.ஏ. 1955-ல் இங்கிலாந்தில் வெளிவந்த இரண்டு சீட்டுக் கார். தாழ்வாக இருக்கும், வேட்டி கட்டியவர் அதில் ஏறி இறங்குவதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். பானெட்டைத் தூக்கினால் உள்ளே 1489 சி.சி. பி.எம்.சி. இன்ஜின். நம்ம ஊர் அம்பாசிடரை வெகுகாலம் இழுத்ததும் இதே வம்சம், இதே 1489. இதில் கார்புரேட்டர் இரண்டு, அதில் ஒன்று, அவ்வளவுதான். ஒரம்பரை யாராவது எட்டிப் பார்த்து, "அட, நம்ம அம்பாசிடர் இன்ஜினுங்களே!" என்று சொல்லிவிட்டால் அவருக்கு அன்றைக்கு இரண்டாவது காபி கிடையாது. ஆனால் சாமான் ஏதாவது தேவைப்பட்டால் அண்ணன் முதலில் போய் நிற்கும் இடம் அம்பாசிடர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குச் சடங்கு தொடங்கும். முதல் வேலை மட்டம் பார்ப்பது. மழைத்தண்ணீர் ஓட வேண்டும் என்று போர்டிகோவை வாட்டம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கார் அந்த வாட்டத்தில் நின்றால் இன்ஜினுக்கு அடியில் சம்பில் இருக்கும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும்; குச்சி கூட்டியோ குறைத்தோ காட்டும். அதற்காகவே அண்ணன் தோட்டத்தில் தனியாக ஒரு சிமெண்ட் தளம் போட்டிருக்கிறார். வாரா வாரம் அதன் மேல் ரசமட்டம் வைத்து, குமிழ் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். போன வாரம் நின்றது இந்த வாரமும் நிற்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

"ஏனுங் தாத்தா, ஆயில் பாக்கறதுக்குக் கொத்தனார் சாமான் எதுக்குங்?" என்று பேரன் கேட்பான்.

"மட்டம் சரியில்லீன்னா குச்சி பொய் சொல்லும் சாமி."

"வீட்டுக்குத் தளம் போட்டப்ப ஒரு நாளு வந்து நின்னு பாத்திருப்பாரா, கேளு" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அண்ணனுக்கு அந்த நேரத்தில் மட்டும் காது சற்று மந்தம்.

அடுத்தது இன்ஜினை ஓட விட்டுச் சூடாக்கி, அணைத்துவிட்டுக் காத்திருப்பது. ஓடி நின்ற இன்ஜினில் ஆயில் மேலே ராக்கரிலும் வால்விலும் வழித்தடங்களிலும் தங்கியிருக்கும். அது வடிந்து சம்புக்கு வந்து சேரப் பத்து நிமிஷமாவது ஆகும். அதற்குள் உருவிப் பார்த்தால் குறைச்சலாகக் காட்டும். நம்பி ஊற்றினால் போச்சு. மட்டம் மிதமிஞ்சி ஏறினால் சுழலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும். நுரை கலந்த ஆயிலால் பேரிங்கைக் காப்பாற்ற முடியாது.

அந்தப் பத்து நிமிஷத்தைச் சும்மா விட முடியுமா? ஜி.டி. நாயுடு புராணம் நடக்கும். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டவர், அதற்கு முன்பே ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடியும் மாட்டியவர். அந்த வரிசையில் தன்னையும் சேர்த்துக்கொள்ள அண்ணனுக்கு உள்ளூர ஆசை. பிரிப்பது வரைக்கும் அவருக்கும் நன்றாகவே வரும்.

இதற்குள் வாசலில் ஆள் சேர்ந்துவிடும். வேறு ஊராக இருந்தால் வேடிக்கை பார்ப்பார்கள். இது கோயமுத்தூர். பால் ஊற்ற வந்தவர் முதல் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் வரை எல்லோரும் ஒரு காலத்தில் லேத்தில் நின்றவர்கள், அல்லது லேத் வைத்திருப்பவருக்கு மாமன் மச்சான். அபிப்பிராயம் இல்லாத ஆளே கிடையாது.

இப்போது குச்சி. முதலில் உருவுவதை அண்ணன் பார்க்கவே மாட்டார். குழாயின் சுவரில் ஒட்டியிருப்பதெல்லாம் அதில் ஏறியிருக்கும். துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட். அதிலும் வெள்ளைத் துண்டாகப் பொறுக்கித் தனியாக ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார். பஞ்சு உதிர்கிற காட்டன் வேஸ்டை யாராவது நீட்டினால் முறைப்பார், நூல் இழை உள்ளே போய்விடுமாம். துடைத்த குச்சியை அடிவரை அழுத்திச் செருகி, மறுபடியும் உருவி, படுக்கை வசமாகப் பிடிப்பார். நிமிர்த்திப் பிடித்தால் ஆயில் கை பக்கமாக இறங்கி, மேல்கோட்டைத் தொட்டது போலக் காட்டும். இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பார். இரண்டும் வேறு வேறாக இருந்தால் குறைவாகக் காட்டும் பக்கத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் அண்ணனைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. ஒவ்வொன்றும் சரி.

மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் வந்து ஒரு சொட்டைத் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, மோந்து பார்ப்பார். மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாசமும் அடித்தால், சம்புக்குள் பெட்ரோல் இறங்கியிருக்கக் கூடும். பால் காபி நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். வெறுமனே கறுத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஆயில் தன் வேலையைச் செய்திருக்கிறது. பெரியவர் இதையெல்லாம் விளக்கமாட்டார். "ம்" என்பார். அந்த "ம்"முக்காக அண்ணன் ஒரு வாரம் காத்திருக்கிறார்.

எல்லாம் நல்லபடி முடியும் நேரத்தில் திருப்பூரிலிருந்து மாப்பிள்ளை வருவார். அண்ணனின் சம்சாரத்துக்குத் தம்பி, பனியன் ஏற்றுமதி, வைத்திருப்பது பழைய போர்ஷே 911. சண்டை அங்கே ஆரம்பம்.

"அணைச்சுப்போட்டுத்தான் பாக்கோணும் மாப்ளே."

"ஓடறப்பவே பாக்கோணும் மாமா. அணைச்சாக் குச்சியில ஒண்ணுமே இருக்காது."

இரண்டு பேரும் சொல்வது சரி. சிக்கலே அதுதான். பழைய 911-ல் ஆயில் சம்பில் தங்குவதில்லை. வலது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தனி டாங்க். ஒரு பம்ப் அங்கிருந்து இன்ஜினுக்கு அனுப்பும், இன்னொன்று உறிஞ்சித் திருப்பி அனுப்பும். வேகமாக வளைவில் திரும்பும்போது சம்பில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சிவிடக் கூடாது என்பதற்காக ரேஸ் கார்களில் செய்யும் ஏற்பாடு. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வளைவுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கார் நின்று கிடந்தால் டாங்கில் உள்ளது மெல்ல இன்ஜினுக்குள் வடிந்துவிடும். அதனால் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, மட்டமான தரையில் நிறுத்தி, இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை எடுக்க வேண்டும். தெரியாதவர் காலையில் உருவிப் பார்ப்பார், காய்ந்து கிடக்கும், லிட்டர் லிட்டராக ஊற்றுவார். மிஞ்சியது காற்று போகும் வழியில் புகுந்து எரியும். பின்னால் வருகிறவருக்கு அவினாசி ரோடே தெரியாது.

போர்ஷேக்காரர்களே இதில் ஒரு முறை தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 1972 மாடலில் அந்த டாங்கின் மூடியை வலது கதவுக்குப் பின்னால், வெளியிலிருந்தே திறக்கிற மாதிரி வைத்தார்கள். பங்க்கில் இருந்தவர்கள் அதைப் பெட்ரோல் மூடி என்று நினைத்து அதற்குள் பெட்ரோல் ஊற்றினார்கள். ஒரே வருஷத்தில் மூடியைப் பழையபடி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மாப்பிள்ளை வரும்போதெல்லாம் அண்ணன் இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்புவதில்லை.

நடுவில் எதிர்வீட்டு புல்லட்காரர் புகுந்து, பழைய திருவொற்றியூர் புல்லட்டிலும் நின்று கிடந்தால் ஆயில் இடம் மாறிவிடும், சித்தெ நேரம் ஓட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பார். இரண்டு சக்கரக்காரர் பேச்சை அங்கே யாரும் காதில் வாங்குவதில்லை.

ஒன்பது மணிக்குக் கார் கிளம்பும். எங்கே? ரேஸ் கோர்ஸ் ஒரு சுற்று. நடைப்பயிற்சிக்காரர்கள் கையசைப்பார்கள், அண்ணன் தலையசைப்பார். திரும்பி வந்து சிமெண்ட் தளத்தில் நிறுத்திவிட்டு மறுபடியும் பத்து நிமிஷம். ஓடிய வண்டியாயிற்றே, பார்க்க வேண்டாமா?

போன தீபாவளிக்கு மகன் ஒரு ஜெர்மன் கார் வாங்கினான். அண்ணன் வெள்ளைத் துண்டோடு பானெட்டைத் திறந்து வெகுநேரம் தேடினார். அதில் குச்சியே கிடையாது. ஆயில் மட்டத்தை டாஷ்போர்டில் திரையே காட்டும். "திரைக்கு ஆரு சொல்றாங்க?" என்று கேட்டார். சென்சார் என்றான் மகன். "அதெ ஆரு பாக்கறாங்க?" என்றார். மகனுக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து அண்ணன் அந்தக் காரில் பின்சீட்டில் மட்டுமே உட்காருகிறார்.

உங்கள் காரில் குச்சி இருந்தால் நாளைக் காலையில் ஒருவாட்டி பாருங்கள். சூடாகப் பார்ப்பதா, ஆறிய பிறகா என்பதைக் காரோடு வந்த புத்தகம் சொல்லும். முதலில் உருவியதை நம்பாமல் துடைத்துவிட்டு மறுபடி செருகுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் பானெட்டை மூடிவிட்டு வேலைக்குப் போங்கள். சந்தேகம் தீர்க்கக் குச்சி அண்ணனை மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள்; வரும்போது ரசமட்டத்தோடு வருவார்.