அதிகம் ஓடாத ரம்பம்

பழைய மைட்டர் சா விற்பவர்களுக்கு யாரோ ஒரே வசனத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: "அதிகம் ஓடலை சார், ஒரே ஒரு கப்போர்டுதான் செஞ்சேன்." அந்தக் கப்போர்டு அரண்மனைக்காக இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரின் பக்கவாட்டு மூடியைத் திருகி கார்பன் பிரஷ்ஷை வெளியே எடுங்கள். தேய்ந்து துண்டாகிப்போன பிரஷ்ஷுக்குப் பொய் பேசத் தெரியாது. பிளேடு இருக்கும் கையை இறக்கி இடவலமாக அசைத்துப் பாருங்கள். ஆடினால், ஊஞ்சலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பிளேடு கார்டைக் காணோமா? "அது சும்மா இடைஞ்சல் சார்" என்பார். விற்பவரின் விரல்களை மரியாதையாக ஒருமுறை எண்ணிக்கொள்வது நல்லது.

மச்சான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்றால் கூடுதல் பயபக்தி தேவை. அது 120 வோல்ட் சரக்கு. நம்மூர் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் மரம் அறுபடுவதற்குள் மோட்டார் கருகிவிடும்.

கோணத்துக்கும் ஒரு சோதனை உண்டு. இரு விளிம்பும் இணையாக உள்ள சட்டத்தை 90 டிகிரியில் அறுத்து, ஒரு துண்டை மட்டும் புரட்டி வெட்டுமுகங்களைச் சேருங்கள். தெரியும் இடைவெளி பிழையின் இரு மடங்கு. போட்டோ பிரேமுக்கு 8 வெட்டு. ஒவ்வொன்றும் ஒரே பக்கமாக அரை டிகிரி பிசகினால் கடைசி மூலை 4 டிகிரி வாய் பிளக்கும்.

இத்தனையும் பார்த்து வாங்கி, கறாரான 45 டிகிரியில் அறுத்த ஸ்கர்ட்டிங் பலகையைப் பொருத்தினால், மூலையில் சந்து. ரம்பத்தின்மேல் தப்பில்லை. சுவர் 90 டிகிரி என்று மேஸ்திரி யாரிடமும் சொல்லவேயில்லையே! பட்டி வைத்து அடைக்க வேண்டியதுதான். அதையாவது செகண்ட்ஹேண்டில் யாரும் விற்பதில்லை.