அச்சத்திற்கும் ஓர் அட்டவணை

பொறுமை என்னும் குணத்தைப் பூமாதேவிக்கே உரியதென்று எழுதிவைத்த நம் முன்னோர்களில் ஒருவரேனும் டோக்கியோ நகரத்தில் சில மாதங்கள் வாடகை கொடுத்துக் குடியிருந்திருப்பாரானால், அந்தப் பட்டத்தை வழங்குமுன் சற்றே யோசித்திருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

உத்தியோக நிமித்தமாக அந்நகரில் குடியேறிய நான், ஓரிரவு தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்த சமயத்தில், கைபேசி திடீரென்று அலறி, "ஜிஷின் தெஸ், ஜிஷின் தெஸ்" என்று பூகம்பத்தின் வருகையை அறிவித்தது. பூகம்பத்தின் முதல் அலை வேகமானது, ஆனால் சாது. பின்னால் வரும் இரண்டாவதே பொல்லாதது. முன்னதைக் கருவிகளால் கண்டுகொண்டு, பின்னது வந்து சேருமுன் ஜனங்களை எச்சரிக்கும் இந்த ஏற்பாடு 2007-ஆம் ஆண்டு முதல் அங்கே பொதுமக்களுக்காக நடைபெற்று வருகிறது. இவ்வாறு அரசாங்கம் அருளிய அந்தச் சில விநாடிகள், முருகனை அழைப்பதா, மேஜைக்கடியில் புகுவதா என்ற விசாரத்திலேயே கழிந்துவிட்டன. ஊறுகாய் ஜாடியின் மூடி தாளம் போட, தொங்கும் விளக்கு அதற்கேற்ப ஆட, நான் பிசைந்த கையோடு தூணைக் கட்டிக்கொண்டேன்.

ஆட்டம் நின்றதும் தாழ்வாரத்துக்கு ஓடினேன். அடுத்த வீட்டுப் பாட்டியம்மாள் கதவைத் திறந்து, ருசி பார்த்து உப்பின் அளவைச் சொல்பவரைப் போல, "நான்கு" என்றார். தொலைக்காட்சியும் அதையே ஊர்ஜிதம் செய்தது.

ஜப்பானிய வானிலை இலாகா, அந்தந்த இடத்தில் உணரப்படும் அதிர்ச்சியை 0 முதல் 7 வரை வகுத்து, 5-ஐயும் 6-ஐயும் மட்டும் மெலிது, வலிது என இரண்டாக்கி, ஆகப் பத்துப் படிகளாக வைத்திருக்கிறது. அதன் விசேஷம் யாதெனில், ஒவ்வொரு படியிலும் மனிதர் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. 4-இல் பெரும்பாலோர் திடுக்கிடுவர். எதையேனும் பிடித்துக்கொள்ளத் தோன்றுவது மெலிந்த 5-இல்தான். நானோ நான்கிலேயே ஐந்துக்குரிய பயத்தை முன்பணமாகப் பெற்று அனுபவித்துவிட்டேன்!

நமக்குப் பூமியைத் தாங்குவதற்கு ஆதிசேஷன் இருக்கிறார். அவர் தலை மாற்றினால் பூமி அசைகிறது. அவர்களுக்கோ பூமிக்கடியில் ஒரு ராட்சதக் கெளுத்தி மீன். காஷிமா ஆலயத்துத் தெய்வம் அதைக் கல்லால் அழுத்திக்கொண்டிருப்பதாகவும், தெய்வம் அயர்ந்தால் மீன் துள்ளுவதாகவும் ஐதிகம். 1855-இல் அந்நகரம் குலுங்கியபோது இந்த மீனின் சித்திரங்கள் அமோகமாக விற்பனையாயினவாம். துக்கத்தின் நடுவிலும் சிரிக்கத் தெரிந்த ஜனங்கள்.

ஆயினும் 1923 செப்டம்பர் 1-ஆம் தேதியைப் பற்றி அங்கே ஒருவரும் பரிகாசம் பேசுவதில்லை. மத்தியானச் சமையலுக்கு அடுப்புகள் எரிந்துகொண்டிருந்த வேளையில் வந்த பூகம்பமும் அதைத் தொடர்ந்த தீயும் லட்சத்திற்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயின. அதனால்தான் இன்று பலத்த அதிர்ச்சி வந்தால் எரிவாயு மீட்டர் தானாகவே அடைத்துக்கொள்கிறது. ஆண்டுதோறும் அதே தினத்தில் தேசமெங்கும் ஒத்திகையும் நடைபெறுகிறது.

அந்நகரத்துக்குக் குடிபோகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படுக்கையருகே ஒரு ஜோடி செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று ஊரிலிருந்து தாயார் கடிந்துகொண்டாலும் பாதகமில்லை. வாசலிலேயே காலணியைக் கழற்றிவிடும் ஜப்பானியருக்கும் அங்கே இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இருட்டில் எழுந்து ஓடுகிறவன் காலை முதலில் பதம் பார்ப்பது உடைந்த கண்ணாடிதான்.