'மிஸ்டர்' நாகஷிமா: கேள்வி-பதில்

பேஸ்பால் உலகில் 'மிஸ்டர்' என்றால் யார்? (கே.எஸ்., கரூர்)
டோக்கியோ யோமியுரி ஜயன்ட்ஸின் மூன்றாம் பேஸ் காவலர் ஷிகெயோ நாகஷிமா. 2025 ஜூனில், 89 வயதில் மறைந்தார். வெறும் 'மிஸ்டர்' என்றாலே ஜப்பானியருக்குப் புரியும். பெயரே தேவைப்படாத பெரிய மனுஷர்!

முதல் ஆட்டத்திலேயே தூள் கிளப்பினாராமே? (வி.ரா., குடந்தை)
தூள் அல்ல, காற்று! 1958 ஏப்ரல் 5. எதிரணி வீரர் கனேடாவின் பந்துவீச்சில் நாலு தடவை மட்டை பிடித்தார். நாலும் ஸ்ட்ரைக் அவுட். ஆனால் அந்த வருஷ ஹோம் ரன் பட்டம் யாருக்கு? இவருக்கே.

அந்த வருஷம் 29 ஹோம் ரன். இன்னொன்று அடித்திருக்கக் கூடாதோ? (ப.மு., தேனி)
அடித்தாரய்யா! பந்து வேலி தாண்டியது. ஓடிய ஜோரில் முதல் பேஸை மிதிக்கவில்லை, அவுட். அதே வருஷம் 37 பேஸ் 'திருடிய' கில்லாடி, சும்மா கிடைத்ததைத் தொடாமல் போனார்!

சக்கரவர்த்தி பார்த்த ஆட்டம் பற்றி? (ஜெ.மா., நாகை)
1959 ஜூன் 25, கொராகுவென் மைதானம். சக்கரவர்த்தி ஹிரோஹிதோ இரவு 9.15-க்குக் கிளம்ப வேண்டும். ஸ்கோர் 4-4. 9.12-க்கு நாகஷிமா விளாசிய பந்து கேலரியில், ஆட்டம் குளோஸ். வீசிய முராயாமா மட்டும் கடைசிவரை 'அது ஃபவுல்' என்றே சாதித்தார். சக்கரவர்த்தி சாட்சியையே மறுக்க ஒரு தில் வேண்டும்!

சடஹாரு ஓ பெரியவரா, நாகஷிமாவா? (அ.த., ஓசூர்)
ஹோம் ரன் கணக்கில் ஓ 868, நாகஷிமா 444. இந்த ஜோடி சேர்ந்து ஆடிய ஜயன்ட்ஸுக்கு 1965 முதல் 1973 வரை வரிசையாக 9 கோப்பை. பந்து வீசியவனைக் கேட்டால், இரண்டு பேருமே எமன்தான்.

மட்டையில்லாமல் ஆட வந்தாராமே? (சு.ந., பழனி)
1968-ல். அடிக்க விடாமல் வேண்டுமென்றே விலக்கி வீசி 'வாக்' கொடுத்துத் தள்ளியதில் கடுப்பாகி, வெறுங்கையோடு நின்றார். அப்போதும் எதிரணி நேராக வீசவில்லை. பயபக்தி என்பது இதுதான்!

மேனேஜராகச் சாதித்தாரா? (இரா.கோ., திருச்சி)
1974-ல் ஓய்வு. 1975-ல் மேனேஜர். ஜயன்ட்ஸ் சரித்திரத்தில் முதல்முறையாகக் கடைசி இடம். நாகஷிமா ஆடாவிட்டால் என்ன ஆகும் என்று நாகஷிமாவே செய்து காட்டினார். பிற்பாடு 1994, 2000-ல் கோப்பை வென்று கணக்கைத் தீர்த்தார்.

கடைசியாக எப்போது மட்டை பிடித்தார்? (லெ.வ., சேலம்)
2004-ல் பக்கவாதம்; வலப்பக்கம் செயலிழந்தது. 2013-ல் டோக்கியோ டோமில் மக்கள் கௌரவ விருது விழா. சீடர் ஹிடெகி மட்சுயி பந்து போட்டார். சம்பிரதாயத்துக்கு நின்றால் போதும். மனுஷன் இடக்கை ஒன்றாலேயே சுழற்றினார். பந்து சிக்கவில்லை. வயசு 77, வீச்சு 22!